கடைத் தின்பண்டப் பக்கட்டின் பின்னால் இருக்கும் எண்கள்: நம் பிள்ளைகளின் உடம்பு பெருப்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டா? சட்டம் என்ன செய்கிறது?

கொட்டகலை டீச்சர்

இலங்கை மலையகத்துப் பெற்றோர், ஆசிரியர், கடை வைத்திருப்பவர்கள், சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் இங்கே இருப்பதால் இதைக் கேட்கிறேன்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுக்கும்போது எங்களுக்கு வழக்கமாக ஒரே கவலைதான்: எத்தனை பிள்ளை வயதுக்கேற்ற நிறை இல்லாமல் இருக்கிறது என்பது. இப்போது அதே வகுப்பில் இன்னொரு விதமான பிள்ளைகளையும் பார்க்கிறேன். உயரம் குறைவு, இடுப்பைச் சுற்றிச் சதை, கழுத்தின் பின்பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி கறுப்பு. எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகவில்லை என்று தாய்மார் சொல்கிறார்கள். ஓடவிட்டால் அரை மைதானத்திலேயே மூச்சு வாங்குகிறது.

ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். கையில் காசு கொண்டுவருகிறார்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது, இன்னது விற்கலாம், இன்னது கூடாது என்று. கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளிக் கடை இருக்கிறது. சுற்றுநிருபம் கேட்டோடு நின்றுவிடுகிறது.

பிள்ளைகளிடம் ஒரு பக்கட்டை வாங்கி வகுப்பில் வாசிக்கப் பார்த்தோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர், கண் சிமிட்டும் ஒரு பொம்மை. பின்பக்கத்தில் மடிப்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். சோளமா, பாமாயில், உப்பு, சீனி வரைக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு 621, 627, 631, 110, 471 என்று எண்கள். "டீச்சர், இது கணக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

என் கேள்வி இதுதான். இந்த எண்களுக்கும் பிள்ளைகள் பெருப்பதற்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா, அல்லது வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தலா? தொடர்பு இருந்தால் அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

மஸ்கெலியாக்காரி

டீச்சர், கோபிக்க வேண்டாம். உடல் பருமன் கொழும்புக்காரர்களின் பிரச்சினை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேர், தோட்டத்தில் 32 பேர். எங்கள் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருக்கும்போது கொழுப்பைப் பற்றிப் பேசினால், "பார், தோட்டத்தில் தின்று கொழுக்கிறார்கள்" என்று சொல்லி இருக்கிற சத்துணவுத் திட்டத்தையும் வெட்டிவிடுவார்கள். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

பேராதனை மாணவன்

வணக்கம் டீச்சர். ஊர் பொகவந்தலாவை, இப்போது மருத்துவ பீடத்தில் படிக்கிறேன். முதலில் மஸ்கெலியா அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டு எண்களுக்கு வருகிறேன்.

அக்கா, குன்றிய வளர்ச்சியும் பருமனும் எதிரெதிர் இல்லை. ஒரே பிள்ளையிடம் இரண்டும் வரும். இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, நிறை குறைவாகப் பிறந்தவர்கள் பெரியவர்களானதும் இதய நோயில் அதிகம் இறப்பதை 1989இல் காட்டினார். பிறகு நீரிழிவுக்கும் அதே தொடர்பு தெரிந்தது. வயிற்றில் இருக்கும்போதே பட்டினி கண்ட உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பிறகு சீனியும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கினால் தசை கூடாமல் வயிற்றுக் கொழுப்புத்தான் கூடும். நிறை குறைந்த பிறப்பு தோட்டங்களில் எவ்வளவு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கொழும்புப் பிள்ளையைவிட எங்கள் பிள்ளைக்கு அதே பக்கட் கூடுதல் ஆபத்து. டீச்சர் சொன்ன கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வரும் அடையாளம் அது. அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கட்டாயம் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

இனி எண்கள். ஒவ்வொன்றும் உணவில் கலக்கும் ஒரு சேர்மானத்தின் குறியீடு. எல்லாச் சேர்மானங்களையும் ஒரே கூடையில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். பருமனோடு சேர்த்துப் பேசப்படுபவை முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று குழம்பாக்கிகள், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பவை. 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், பொலிசோர்பேட் 80, கார்பொக்சிமெதில் செலுலோஸ் என்ற இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். குடலின் சளிப்படலம் மெலிந்து, அங்குள்ள பக்டீரியாக்கள் மாறி, இலேசான அழற்சி வந்து, எலிகள் அதிகம் தின்று கொழுத்தன. 2022இல் மனிதர்களிடம் பார்த்தார்கள். 16 பேர், 11 நாள், அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளைக்கு 15 கிராம் கார்பொக்சிமெதில் செலுலோஸ். குடல் பக்டீரியாக்கள் மாறியது தெரிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் பருமனை அளக்க முடியாது. டீச்சர் பார்த்த 471 வேறொரு குழம்பாக்கி. அதைப் பற்றி இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டிகள்: 950, 951, 955. கலோரி இல்லாததால் மெலியலாம் என்று விற்கிறார்கள். 2022இல் 120 பேரிடம் செய்த ஆய்வில் சக்கரினும் சுக்ரலோசும் குளுக்கோசுக்கு உடம்பு காட்டும் பதிலை மாற்றின. உடல் நிறையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியது.

ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எந்த எண்ணையும் தனியாகப் பார்க்காத ஓர் ஆய்வு. அமெரிக்காவில் கெவின் ஹோல் குழு 2019இல் 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தது. இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. மேசையில் வைத்த சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்றார்கள். தொழிற்சாலை உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. அந்த உணவு மென்மையானது, வேகமாக உள்ளே போகிறது, வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியுமுன் பக்கட் முடிந்துவிடுகிறது. அந்த மென்மையையும் மணத்தையும் நிறத்தையும் கொடுக்கத்தான் இந்தச் சேர்மானங்கள். அவை இல்லாவிட்டால் சோளமாவையும் பாமாயிலையும் எந்தப் பிள்ளையும் கேட்டு அழாது.

ஹட்டன்வாசி

தம்பி இவ்வளவு எழுதினீர்கள், அஜினமோட்டோவை விட்டுவிட்டீர்களே. டீச்சர் சொன்ன 621 அதுதானே? எல்லாவற்றுக்கும் மூலம் அது. ஹட்டன் டவுனில் கொத்து, பிரைட் ரைஸ் எதை எடுத்தாலும் கரண்டி கணக்கில் போடுகிறார்கள். எலிக்கு ஊசி போட்டுப் பருமனாக்கியது நிரூபிக்கப்பட்ட விஷயம். தடை செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பேராதனை மாணவன்

அண்ணே, எலிக் கதை உண்மை. 1969இல் ஜோன் ஓல்னி பிறந்த சில நாள் எலிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் பெரிய அளவில் ஊசி போட்டார், மூளையின் பசிப் பகுதி சேதமாகி அவை கொழுத்தன. சாப்பாட்டில் சேர்த்து உண்பது வேறு. சீனாவில் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் ஒன்று தொடர்பு உண்டு என்றது, இன்னொன்று இல்லை என்றது. அந்த அளவுக்குத்தான் கையில் ஆதாரம் இருக்கிறது.

அஜினமோட்டோவைக் குற்றவாளியாக்கினால் கொத்தில் ஊற்றும் எண்ணெயும், தட்டு நிறையக் கோதுமை மாவும், கூடவே குடிக்கும் சோடாவும் தப்பிவிடும். நாளைக்கே 621ஐத் தடை செய்தால், நிறுவனங்கள் அதே சுவை தரும் ஈஸ்ட் சாறைப் போட்டு "அஜினமோட்டோ சேர்க்கப்படவில்லை" என்று அட்டையில் பெரிதாக அச்சடிக்கும். பக்கட் அப்படியே இருக்கும்.

ஹட்டன்வாசி

சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? நிரூபிக்க வேண்டியது விற்பவன் பொறுப்பு, தின்பவன் பொறுப்பு இல்லை.

வெலிமடை ஓய்வு பரிசோதகர்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக ஊவாவிலும் நுவரெலியா மாவட்டத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஹட்டன் தம்பி கடைசியாகச் சொன்னது சட்டத்தின் இதயத்தைத் தொடுகிற கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம்தான் அடிப்படை. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் பிரதான உணவு அதிகாரி. அந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் ஒழுங்குவிதிகளை வெளியிடுவார். நிறமூட்டிகளுக்கு ஒன்று, பாதுகாப்புப் பொருட்களுக்கு ஒன்று, இனிப்பூட்டிகளுக்கு ஒன்று, லேபலுக்கு ஒன்று. எதை, எந்த உணவில், எவ்வளவு போடலாம் என்பதற்கு அனுமதிப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நியமத்தையும், உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவையும் பின்பற்றும்.

அந்தக் குழு ஒரு பொருளை எப்படிப் பார்க்கிறது? விலங்குகளுக்குக் கொடுத்து, எந்த அளவுவரை தீங்கு தெரியவில்லை என்று பார்ப்பார்கள். அதை வழக்கமாக நூறால் வகுத்து, மனிதன் ஆயுள் முழுக்க நாள்தோறும் எடுத்தாலும் பரவாயில்லை என்ற அளவை எடுப்பார்கள். உதாரணம் 951, அஸ்பார்டேம். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளை என்றால் 800 மில்லிகிராம். ஒரு டின் டயட் சோடாவில் 200 முதல் 300 வரை இருக்கும், ஆகவே மூன்று நான்கு டின். 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் வரும் "சாத்தியம் இருக்கலாம்" என்ற வகையில் போட்டபோதும் நிபுணர் குழு இந்த அளவை மாற்றவில்லை.

கவனியுங்கள். இந்த முறை விஷத்தைத் தேடுகிறது. புற்றுநோய் வருமா, ஈரல் கெடுமா, கருவுக்கு ஆகுமா என்று பார்க்கிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "இது சேர்ந்த பக்கட்டைப் பிள்ளை இரண்டு மடங்கு தின்னுமா?" என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. ஒவ்வொரு எண்ணாகத்தான் பார்க்கிறார்கள். ஐந்து எண்ணும் சீனியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு பிள்ளையின் வயிற்றில் பத்து வருடம் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நீதிமன்றத்துக்கு நான் கொண்டுபோன வழக்குகள் எல்லாம் காலாவதி, அனுமதி இல்லாத நிறம், லேபல் இல்லாதது, புழு, அழுக்கு. பருமனுக்காக யாரையும் நீதவான் முன் நிறுத்த முடியாது.

நடைமுறையையும் சொல்கிறேன். மாதிரி எடுப்பது என்றால் கடைக்காரர் முன்னால் எடுத்து, பிரித்து, முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை வருவதற்குள் அந்தச் சரக்கு விற்று முடிந்திருக்கும். டவுன் கடை, பேக்கரி, ஹோட்டல் எங்கள் சுற்றுக்குள் வரும். தோட்டத்துக்குள் ஒரு டிவிஷனுக்கும் இன்னொரு டிவிஷனுக்கும் நடுவில் ஏழெட்டு கிலோமீற்றர் கல்லுப்பாதை. மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறாது. தோட்டத்துச் சுகாதாரம் நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் தனியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பழைய வேலி இன்னும் முழுதாகப் போகவில்லை.

எனக்கு அதிகப் பயம் எண் போட்ட பக்கட்டில் இல்லை. எண்ணே போடாமல், பெயர் முகவரி திகதி எதுவும் இல்லாமல், பொலித்தீனில் கட்டி ஸ்டேப்பிள் அடித்து வரும் சிவப்பு ஜெலியும் ஐஸ் பக்கட்டும் எனக்குப் பயம். 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் இருந்தது ரோடமின் பி, துணிக்குப் போடும் சாயம். அது எந்த நாட்டின் உணவுப் பட்டியலிலும் இல்லை.

லயத்துக் கடை

ஐயா சொல்வது எல்லாம் சரி. கடைக்காரனையும் கொஞ்சம் கேளுங்கள். எல்லாப் பக்கமும் கடைக்காரன்தான் திருடன் மாதிரி வருகிறது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். வாழைப்பழம் ஒரு சீப்பு தொங்கவிட்டால் மூன்றாம் நாள் கறுத்துவிடும், நட்டம் எனக்கு. பக்கட் ஆறு மாதம் இருக்கும். வேன்காரன் கடனுக்குப் போட்டுவிட்டு அடுத்த முறை காசு வாங்குவான். மரக்கறிக்காரன் கடன் தர மாட்டான். பிரிட்ஜ் கம்பனி கொடுக்கும், ஆனால் அதற்குள் அவர்கள் போத்தலைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. மோர் வைத்து விற்கலாமே என்று கேட்காதீர்கள், எங்கே வைப்பது?

இன்னொன்று. பிள்ளை கொண்டுவரும் காசுக்கு என்ன கிடைக்கும்? ஒரு அவித்த முட்டைக்கே அந்தக் காசு காணாது. சின்னப் பக்கட் கிடைக்கும். நுவரெலியாவில் கறட் தோண்டி லொறியில் ஏற்றித் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகிறது. எங்கள் கடைக்கு அது திரும்பி வரும்போது விலை ஏறியிருக்கும்.

பெயர் போடாத ஜெலி பக்கட்டைப் பற்றி ஐயா சொன்னதை வாசித்தபின் என் கடையில் இருப்பதை எடுத்துப் பார்த்தேன். ஒரு வகையில் முகவரி இல்லை. வேன்காரனிடம் கேட்டால் "எல்லாக் கடையும் எடுக்குது அண்ணே" என்கிறான். அதை இனி எடுக்கப் போவதில்லை. மற்றதற்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியாக்காரி

தம்பி பார்க்கர் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் பயம் போகவில்லை. ஆனால் பேச வேண்டிய விஷயம் என்று தெரிகிறது.

தாயின் பக்கத்தையும் எழுத வேண்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டும். அதற்குள் தண்ணி பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையை எழுப்பி, சின்னதைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டு, மலைக்கு ஏற வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் சம்பளமும் குறையும். பிள்ளை அழுதால் இருபது ரூபாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம் இல்லை. அந்தத் தாய்க்கு லேபல் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள், முதலில் அவள் ஏன் அந்த இருபது ரூபாவைக் கொடுக்கிறாள் என்று கேட்கட்டும்.

அப்புறம் ஒரு உண்மை. பக்கட் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் சீனி இருந்தது. தேத்தண்ணிக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு தரம். பாலுக்கு வழியில்லாத வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் அதே பிளேன்டி. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும்தான் தோட்டத்துக்காரனை மலை ஏற வைத்தது. சீனிக்கு எண் கிடையாது, எந்த வர்த்தமானியும் அதைத் தடுக்காது. எண்ணை மட்டும் பேசினால் இது விட்டுப்போகும். என் அம்மாவுக்குச் சீனி வியாதியில் கால் விரல் போனது. அவர் பக்கட் சாப்பிட்டவர் இல்லை.

பதுளை பெக்டரி

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது.

நாங்கள் தயாரிக்கும் தேயிலையில் எதையும் சேர்க்க முடியாது. சீனி சேர்த்தாலும் குற்றம், நிறத்துக்கு பெரஸ் சல்பேட் கலந்தாலும் குற்றம். ஐ.எஸ்.ஓ. 3720 என்ற தரத்துக்குக் கீழே போனால் ஏற்றுமதி செய்ய முடியாது. தேயிலைச் சபை திடீரென வந்து சோதிக்கும், பிடிபட்டால் பதிவே போகும். பூச்சிமருந்து எச்சம் ஜப்பானுக்கு ஒரு அளவு, ஐரோப்பாவுக்கு ஒரு அளவு, அதையும் பார்ப்பார்கள்.

2017 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. ஒரேயொரு வண்டு. அரசாங்கமே எழும்பி நின்றது, தூதுக்குழு போனது, ரஷ்யா நமக்கு விற்கும் அஸ்பெஸ்டசுக்குக் கொண்டுவரவிருந்த தடையைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். சில நாளில் தடை நீங்கியது. மொஸ்கோவில் தேத்தண்ணி குடிப்பவனுக்காக இவ்வளவு வேகமாக ஓட முடிந்த அரசாங்கம் இது. முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்தத் தேயிலையைக் கிள்ளும் பெண்ணின் பிள்ளை தின்னும் ஜெலிப் பக்கட்டை யார் சோதித்தார்கள்? சுத்தம் செய்யும்போது கழியும் தேயிலைக்கு சாயமும் சீனியும் கலந்து உள்ளூரில் விற்கும் கும்பல்களைப் பிடித்த செய்தியும் அவ்வப்போது வருகிறது. நல்லது கப்பல் ஏறுகிறது, கழிவு எங்கள் கோப்பைக்கு வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஓர் உடப்புசல்லாவைக்காரன்

சீனியைச் சட்டம் தொடவே இல்லை என்று மஸ்கெலியா அக்கா எழுதியதற்கு ஒரு சேர்ப்பு. தொட்டது, பிறகு கையை எடுத்தது.

2016 ஆகஸ்ட் 1 முதல் பானப் போத்தலில் நிறவட்டம் வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. பிறகு திண்ம உணவுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறம் வந்தது. 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் மங்கள சமரவீர இனிப்புப் பானங்களில் உள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி போட்டார். நிறுவனங்கள் சத்தம் போட்டன, அடுத்த வருடமே வரியைக் குறைத்தார்கள்.

கணக்குப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள பானம் மஞ்சள் வட்டம்தான் வாங்கும். 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரு பிள்ளை முழுதாகக் குடித்தால் 40 கிராம், எட்டுத் தேக்கரண்டி. ஒரு பெரியவருக்கே நாளைக்கு 25 கிராமோடு நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மஞ்சளைப் பார்த்துத் தாய் நிம்மதியாக வாங்கிக் கொடுப்பாள். ஆரம்பத்தில் போட்ட வரி இருந்திருந்தால் அந்தப் போத்தலுக்கு 20 ரூபா கூடியிருக்கும், பிள்ளை யோசித்திருக்கும்.

டீச்சரின் எண்களும் சீனிச் சட்டமும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நிறம் மாற வேண்டும் என்றால் சீனியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் இனிப்புப் போதாது. அந்த இடத்தில் 950, 951, 955 வந்து உட்காரும். வட்டம் பச்சையாகும். பிள்ளைக்கு இனிப்பு நாக்கு அப்படியே இருக்கும். ஒரு சட்டம் சீனியைத் துரத்துகிறது, இன்னொரு சட்டம் இனிப்பூட்டிக்குக் கதவு திறக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. மெக்சிக்கோவில் இதைக் கண்டுகொண்டார்கள். 2020 முதல் அங்கே பக்கட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை, அதோடு இனிப்பூட்டி இருந்தால் "பிள்ளைகளுக்கு உகந்ததல்ல" என்று தனியாக எழுத வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கும் அது புரியும்.

கொட்டகலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது நாலு பாடத்துக்குப் போதும்.

இன்ன எண்ணைத் தடை செய் என்று பட்டியல் போட்டு அனுப்பலாம் என்றுதான் முதலில் இரண்டு ஆசிரியர்களோடு பேசியிருந்தேன். இங்கே எழுதியதை எல்லாம் வாசித்தபின் அது போதாது என்று நினைக்கிறேன். ஹட்டன் அண்ணே சொன்ன மாதிரி நிரூபிக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. ஆனால் ஒரு எண் போனால் இன்னொரு எண் வரும் என்று தம்பி சொன்னதும் சரி. பக்கட்டை முழுதாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் இவற்றைக் கேட்கலாமா? பக்கட்டின் சேர்மானப் பட்டியல் கண்ணுக்குத் தெரியும் அளவில் தமிழிலும் இருக்க வேண்டும். எண்ணை மட்டும் போடாமல் அது என்ன வேலைக்குச் சேர்த்தது என்றும் எழுத வேண்டும். இனிப்பூட்டி இருந்தால் முன்பக்கத்திலேயே சொல்ல வேண்டும். பாடசாலைக் கேட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குச் சிற்றுண்டிச்சாலைச் சுற்றுநிருபம் பொருந்த வேண்டும். பெயர் முகவரி இல்லாத பக்கட்டை லயத்துக் கடையில் பிடிப்பதோடு நிற்காமல் அது வரும் வேனையும், அதைக் கட்டும் வீட்டையும் பிடிக்க வேண்டும். சீனி வரியைப் பழைய அளவுக்குக் கொண்டுபோய், அந்தக் காசைத் தோட்டப் பாடசாலைகளின் மதிய உணவுக்குக் கொடுக்க வேண்டும்.

கடை அண்ணே, உங்களைத் திருடனாக்க எனக்கு மனம் வராது. பாடசாலைக்குப் பக்கத்துக் கடைகளில் அவித்த கடலை, சோளம், பழம் விற்பதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் காலையிலேயே எண்ணிக்கை சொல்லி ஓடர் கொடுத்தால் உங்களுக்கு நட்டம் வராது அல்லவா? அதைச் செய்து பார்க்கலாம் என்று எங்கள் சங்கத்தில் பேசப் போகிறேன்.

லயத்துக் கடை

எண்ணிக்கை முதல் நாளே தெரிந்தால் செய்யலாம் டீச்சர். கடலை அவிப்பதில் கஷ்டம் இல்லை. காசு மட்டும் மாதக் கடைசி என்று சொல்லாதீர்கள், கிழமைக்குக் கிழமை வேண்டும்.

ஹட்டன்வாசி

கடிதத்தில் நானும் சேர்கிறேன். கொத்துக் கடைகளும் 621 போட்டால் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தம்பி சிரிக்க வேண்டாம், தெரிந்து சாப்பிடுவது உரிமை.

பேராதனை மாணவன்

சிரிக்கவில்லை அண்ணே. எழுதி வைப்பதை நானும் ஆதரிக்கிறேன். எண்ணெயும் உப்பும் எவ்வளவு என்றும் அதே பலகையில் எழுதட்டும்.

வெலிமடை ஓய்வு பரிசோதகர்

டீச்சர், கடிதம் சுகாதார அமைச்சுக்கு மட்டும் போனால் அங்கேயே படுத்துவிடும். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்காவிட்டால் சிங்களத்தில் ஒரு வரி வரும்.

முறைப்பாடு என்றால் பொதுவாக எழுதாமல் பொருளோடு போங்கள். திறக்காத பக்கட் இரண்டு மூன்று, வாங்கிய கடை, திகதி, தொகுதி இலக்கம் இருந்தால் அது, இல்லாவிட்டால் இல்லை என்ற குறிப்பு. திறந்த பக்கட்டை வைத்து வழக்குப் போட முடியாது. லயத்துக் கடைத் தம்பி எடுத்து வைத்திருக்கும் முகவரி இல்லாத வகையைத் தூக்கி எறிய வேண்டாம், அப்படியே பரிசோதகரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தானாகக் கொண்டுவந்து கொடுத்தவரை நாங்கள் சாட்சியாகத்தான் பார்ப்போம். வேன் இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அங்கிருந்துதான் நூல் பிடித்துப் போக முடியும்.

மஸ்கெலியாக்காரி

நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிள்ளைமடுவத்தை விட்டுவிட்டீர்கள். பக்கட் பழக்கம் தரம் ஒன்றில் தொடங்குவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கு என்ன கொடுக்கிறார்கள், யார் வாங்கிக் கொடுக்கிறார்கள், அதை யார் பார்க்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு கேள்வி வர வேண்டும். பழமோ முட்டையோ கொடுக்கக் காசு யார் தருவது என்றும் சேர்த்து எழுதுங்கள் டீச்சர். எங்கள் டிவிஷனில் கையெழுத்து வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பள நாளில் எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள்.